செங்கல் சூளைக்குப் போகிற குடும்பம் அரசு வீட்டைக் கட்டி முடிப்பது எப்படி

நான் செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ஏரிக்கரையை ஒட்டி இருளர் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்று உண்டு. அந்தக் குடும்பங்களுக்குச் சாதிச் சான்று, பட்டா, வீடு என்று வரிசையாக எழுதிப் போட்டு, கூடவே போய் வந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு ஊரில் இதே வேலையில் இறங்கியிருக்கிறவர்களுக்கும், இருளர் வீடுகளிலிருந்தே படித்து வந்து தங்கள் குடியிருப்புக்காக அலைகிற தம்பி தங்கைகளுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இன்றைக்குத் திட்டம் இல்லை, பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1985இல் வந்த இந்திரா குடியிருப்புத் திட்டம் 2016இல் பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்டமாக மாறியது. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் பசுமை வீடு, 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று கொண்டுவந்தது. கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் தருகிறார்கள். பழங்குடிகளிலும் மிகவும் நலிந்தவர்கள் என்று நாடு முழுக்க 75 சமூகங்களைப் பட்டியலிட்டு, அவர்களுக்காக 2023 நவம்பரில் பிஎம் ஜன்மன் என்ற திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் வருகிறவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஒன்றிய அரசின் கணக்கில் ஒரு வீட்டுக்கு 2 லட்சம். அந்தக் காசுக்கு இங்கே சுவர் எழுப்பவே சிரமம் என்பதால் மாநில அரசு மேலே போட்டுச் சமவெளியில் 5.07 லட்சமாக ஆக்கிக் கொடுத்தது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன்.

அப்படியிருந்தும் இன்னமும் எத்தனையோ இருளர் குடும்பங்கள் தார்ப்பாய் போட்ட குடிசையில்தான் இருக்கின்றன. காரணம், எல்லாத் திட்டமும் மூன்று விஷயங்கள் இருப்பதாக எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது: உனக்கு இடம் இருக்கிறது, உன்னிடம் காகிதம் இருக்கிறது, வேலை நடக்கிற மாதங்களில் நீ ஊரில் இருக்கிறாய். சூளைக்குப் போகிற குடும்பத்துக்கு இந்த மூன்றும் கிடையாது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துத்தான் ஊரக வீட்டுத் திட்டத்துக்குப் பெயர்ப் பட்டியல் போட்டார்கள். எங்கள் குடியிருப்பில் கேட்டால், கணக்கெடுக்க ஆள் வந்ததையே பாதிப் பேர் பார்க்கவில்லை என்கிறார்கள். அப்போது அவர்கள் வேறு மாவட்டத்தில் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் விட்டுப்போனது அப்படித்தான்.

சரி, காகிதத்திலிருந்து வருகிறேன்.

பழங்குடியினர் சாதிச் சான்றை வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். மற்றச் சாதிகளுக்கு ஆகிற மாதிரி ஒரு வாரத்தில் கைக்கு வராது. அப்பாவின் சான்று எங்கே என்று கேட்பார்கள். தலைமுறையிலேயே முதல் சான்றை வாங்கப் போகிறவரிடம் அப்பாவின் சான்று எப்படி இருக்கும்? இதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது உறவுமுறைதான். பக்கத்து வட்டத்தில் யாராவது ஒரு சித்தப்பாவோ அத்தை மகனோ ஏற்கெனவே சான்று வாங்கியிருப்பார். அவருடைய சான்றின் நகலையும், அவருக்கும் இவருக்கும் என்ன உறவு என்று காட்டும் வம்சாவளியையும் மனுவோடு சேர்த்துவிடுங்கள். தனித்தனியாகப் போடாமல் குடியிருப்பு முழுக்க ஒரே நாளில் விண்ணப்பம் போடுங்கள். அப்படிப் போட்டால் அதிகாரி நேரில் வந்து விசாரிக்க ஒரு காரணம் கிடைக்கிறது, ஒரே விசாரணையில் எல்லோருக்கும் முடிகிறது. குலதெய்வம் எது, கல்யாணம் எப்படிச் செய்வீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவதை நாம் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பதைவிட வயதான பாட்டிகள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் அன்றைக்குக் கூலிக்குப் போகாமல் வீட்டில் இருக்கும்படி முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

அடுத்தது ஆதாரும் வங்கிக் கணக்கும். என் மையத்தில் ரொம்ப நேரம் பிடிக்கிற வேலை இதுதான். ஓர் அக்கா வந்து கட்டை விரலைக் கருவியில் வைப்பார், பதிவாகாது. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்ப்போம். அடுத்த விரல், அப்புறம் அடுத்த கை. சேறு மிதித்து, அச்சில் அடித்து, காய்ந்த கல்லைப் பத்துப் பத்தாகத் தூக்கி அடுக்கிய விரல்கள் அவை. ரேகை வழவழவென்று தேய்ந்து போயிருக்கும். நீங்கள் யார் என்று கருவி கேட்கிறது, அவர் செய்த வேலையே அந்த அடையாளத்தை அழித்துவிட்டிருக்கிறது. பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். ஆதார் பதிவு மையத்துக்கு அழைத்துப்போய்க் கைரேகையைப் புதுப்பித்து, கருவிழிப் பதிவு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சூளையிலிருந்து வந்த கையோடு போக வேண்டாம். சில வாரம் கழித்துத் தோல் கொஞ்சம் தேறியதும் போனால் ரேகை விழுகிறது.

ஆதாரோடு எந்த செல்போன் எண் சேர்ந்திருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். சூளைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியின் எண், மளிகைக் கடைக்காரர் எண், எப்போதோ தொலைத்துவிட்ட சிம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வீட்டுப் பணம் சம்பந்தமான ஓடிபி அங்கேதான் போகும். அதே போல ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்கு இருந்தால், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தாரோ அந்தக் கணக்குக்குத்தான் ஆதார் வழியாக வருகிற பணம் போய்ச் சேரும். பணம் வரவில்லை என்று ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அலைந்தது. அது எப்போதோ சூளைக்குப் போன ஊரில் திறந்த கணக்கில் பத்திரமாகக் கிடந்தது. பெயர்க் குழப்பம் இன்னொன்று. கன்னியம்மா என்ற பெயர் ஒரு குடியிருப்பில் நாலைந்து பேருக்காவது இருக்கும். ஆதாரில் கன்னியம்மாள், ரேஷன் கார்டில் கன்னியம்மா, வங்கியில் கணவர் பெயரோடு கன்னியம்மா என்று மூன்று மாதிரி இருந்தால் பணி ஆணை வந்த பிறகு அங்கேயே நிற்கும். வீட்டுக்கு மனுப் போடுவதற்கு முன்பே இந்த மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பின்னால் செய்தால் இரட்டை வேலை.

இனி இடம். ஏரிப் புறம்போக்கில் எத்தனை தலைமுறையாகக் குடியிருந்தாலும் அங்கே பட்டா கிடைக்காது. நீர்நிலையில் பட்டா கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது, அதில் அதிகாரிகளோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. இருளர்களுக்கு ஏரிக்கரைதான் வீடு, அங்கேதான் மீனும் நண்டும், பக்கத்து வயலில்தான் எலி, அது வேறு விஷயம். ஆகவே மாற்று இடம் கேட்க வேண்டும். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். "எங்களுக்கு இடம் ஒதுக்கித் தர வேண்டும்" என்று பொதுவாக எழுதினால், "தகுதியான நிலம் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். கிராம நிர்வாக அலுவலகத்தில் ஊர் நிலங்களின் பட்டியலான அ-பதிவேட்டைப் பார்த்து, கிராம நத்தமோ ஆட்சேபணை இல்லாத புறம்போக்கோ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, சர்வே எண்ணோடு மனுக் கொடுங்கள். அப்போது அந்த எண்ணுக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், வருடத்துக்கு ஒருமுறை கிராம நிலக் கணக்குகளைச் சரிபார்க்கிற ஜமாபந்தியின்போது அதே மனுவை மறுபடி கொடுங்கள். பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, என் மனு இன்றைக்கு எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

2021 தீபாவளி அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மாமல்லபுரம் பக்கத்தில் பூஞ்சேரிக்கு நேரில் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றும் கொடுத்தார். எங்கள் பக்கத்துக் கோப்புகள் நகர ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். மேலே ஒருவர் அக்கறை காட்டினால் கீழே எல்லா மேசையும் வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தோம். அக்கறை குறைகிற நாளில் மனுவும் படுத்துவிடுகிறது என்பதையும் பார்த்தோம்.

பட்டா கைக்கு வந்துவிட்டது, படம் எடுத்தாயிற்று என்று அதோடு விட்டுவிடாதீர்கள். பட்டா இருக்கிறது, இடம் எங்கே என்று யாருக்கும் தெரியாது என்ற நிலையில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டு, இது உன் மனை என்று காட்ட வேண்டும். கிராமப்புறத்தில் பெரும்பாலும் 3 சென்ட் தருவார்கள். கையால் எழுதிக் கொடுத்த பட்டா என்றால் வட்டக் கணக்கில் ஏறியிருக்கிறதா, இணையத்தில் சிட்டா வருகிறதா என்று நீங்களே பாருங்கள்; வராவிட்டால் வீட்டுத் திட்டத்தில் அந்தப் பட்டா செல்லாது என்பார்கள். போகிற வழி யாருடைய பட்டா நிலத்தில் இருக்கிறது, மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, தெரு விளக்குக் கம்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே பார்க்க வேண்டும். எங்களுக்கு முதலில் காட்டிய இடம் சுடுகாட்டுக்கு அப்பால், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர். பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். "கொடுக்கிறதையும் வேண்டாம் என்கிறார்களே" என்று ஊரில் பேச்சு வந்தது. அவர்கள் மறுத்தது நியாயம். இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற இடம் என்பதற்காக அது குடியிருக்க முடியாத இடமாக இருக்கலாமா? இரண்டாவதாகக் காட்டிய இடத்துக்கு ஊருக்குள்ளிருந்து ஆட்சேபணை வந்தது. ஏரிக்கரையில் இருக்கிறவரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை, தெருவுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் தொந்தரவு. நான் அந்த ஊர்க்காரன் என்பதால் இதைச் சொல்லத்தான் வேண்டும். அப்போது குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் கிராம சபையில் போய் உட்கார்ந்தார்கள், மனுவை வாசித்தார்கள், தீர்மானத்தில் எழுத வைத்தார்கள். அதற்குப் பிறகு வாய்ப்பேச்சு இருந்தது, எழுத்தில் ஆட்சேபணை வரவில்லை.

நடுவில் பழைய தொகுப்பு வீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல குடியிருப்புகளில் எண்பது, தொண்ணூறுகளில் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள் நிற்கின்றன. கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரியும். பயந்துகொண்டு குடும்பம் வாசலில் ஓலைச் சாய்ப்புப் போட்டுப் படுத்திருக்கும். கணக்கிலோ இவர்களுக்கு வீடு கொடுத்தாயிற்று, ஆகவே புது வீடு கிடையாது. இப்படி இருந்தால் வீட்டின் உள்ளே கூரையைப் படம் எடுத்து, வீடு குடியிருக்கத் தகுதியில்லை என்று ஒன்றியப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். 2000–2001க்கு முன்னால் கட்டிய ஊரக வீடுகளைச் சீரமைக்கத் தமிழ்நாடு அரசு தனித் திட்டம் அறிவித்திருக்கிறது, அதிலாவது பெயர் சேரும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

தை பிறந்ததும் சூளைக்கு வண்டி வந்துவிடும். குடும்பத்தோடு, பிள்ளைகளோடு ஏறினால் வைகாசி, ஆனியில்தான் திரும்புவார்கள். அரசு வேலைகள் எப்போது வேகம் பிடிக்கும்? நிதியாண்டு முடிகிற மாசி, பங்குனியில். வெயில் காலம், கட்டுவதற்கு நல்ல காலம், எல்லா அதிகாரிகளும் முடித்தாக வேண்டும் என்று துரத்துகிற காலம். அந்தச் சமயத்தில் பயனாளி ஊரிலேயே இல்லை. மேற்பார்வையாளர் வந்து வீட்டின் முன் பயனாளியை நிற்க வைத்துச் செல்போனில் இடக் குறியீட்டோடு படம் எடுத்தால்தான் அடுத்த தவணை. ஆள் இல்லையென்றால் படம் இல்லை, படம் இல்லையென்றால் பணம் இல்லை. "இவர்களுக்கு வீட்டில் அக்கறை இல்லை" என்று அலுவலகத்தில் ஒரு பெயர் வேறு வந்துவிடும்.

ஊரிலேயே இருக்கலாமே என்று நான் ஓர் அக்காவிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, நான் வூட்டைப் பார்த்துக்கினு ஒக்காந்துட்டா, வாங்கின முன்பணத்துக்கு யாரு கல்லு அறுக்கிறது?"

சூளை வேலைக்காக மேஸ்திரி தருகிற அந்த முன்பணம்தான் இதில் முடிச்சு. எங்கள் ஒன்றியத்தில் அடித்தளம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் விட்டம்), கூரை, முடிவு என்று நான்கு கட்டமாகப் பணம் தந்தார்கள், ஒவ்வொன்றும் அந்த வேலை முடிந்த பிறகு. அதாவது அடித்தளம் முடியும்வரை உங்கள் காசு. கருங்கல், மணல், ஜல்லி, கொத்தனார் கூலி எல்லாம் கைக்காசு. வைத்திருக்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை, இரண்டு மாதம் சமாளிப்பார். அன்றாடங்காய்ச்சியான குடும்பத்துக்கு இவ்வளவு பணத்தை ஒரே கையில் தரக்கூடியவர் ஒரே ஆள், மேஸ்திரி. அவரிடம் வாங்கினால் அடுத்த இரண்டு வருடம் அந்தச் சூளைதான். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் இருக்கிற நாட்டில், இலவச வீடு கட்டுவதற்காகவே ஒரு குடும்பம் மறுபடி முன்பணத்தில் மாட்டுகிறது என்றால் திட்டத்தின் அமைப்பில்தான் கோளாறு. பழங்குடியினர் வீடுகளுக்காவது முதல் தவணையைப் பணி ஆணையோடு கையில் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுத்த காசைச் சாப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. பணமாக வேண்டாம் என்றால் அடித்தளத்துக்கான கல்லும் மணலும் மனையில் கொண்டுவந்து இறக்கட்டும், கொத்தனார் கூலியை நேராகக் கொடுக்கட்டும். சிமென்ட்டும் கம்பியும் ஒன்றியக் கிடங்கிலிருந்து தருகிறார்களே, அதே மாதிரி இதையும் தர முடியாதா?

அரசு மாறும்வரை என்ன செய்வது? நாங்கள் செய்தது இது. குடும்பங்கள் சேர்ந்து ஒரே கொத்தனாரைப் பேசினோம். எல்லா மனையிலும் அடித்தளத்துக்கு வானம் (பள்ளம்) தோண்டுவதை அவர்களே மாறி மாறிச் செய்தார்கள். சொந்த வீட்டு வேலைக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள்வரை கூலி போடலாம் என்று விதி இருந்தது. வேலை அட்டை இல்லாதவர்களுக்கு முதலில் அதை வாங்கினோம். கூலி தாமதமாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. ஜல்லி, மணல் கடைக்காரரிடம் பணி ஆணையின் நகலைக் காட்டி, ஊரில் நாலு பேர் பொறுப்பேற்று, அடித்தளப் பணம் வந்ததும் தருவதாகக் கடனுக்கு எடுத்தோம். மகளிர் குழுவில் இருந்த இரண்டு பெண்கள் குழுக் கடன் வாங்கினார்கள், வட்டி மேஸ்திரி கணக்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. முதல் வீட்டுக்கு வந்த பணத்தில் அடுத்த வீட்டின் அடித்தளம் என்று சுழற்றியது ஒருவரை ஒருவர் நம்பியதால் முடிந்தது. அந்த நம்பிக்கை அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்தது, நான் கணக்கு மட்டும் எழுதினேன்.

காலம் பார்ப்பதுதான் இதில் பெரிய பாடம். சூளையிலிருந்து திரும்புகிற ஆனியில் தொடங்கி, ஐப்பசி மழை பிடிக்கும் முன் கூரை போட்டுவிட வேண்டும். அப்படியானால் பணி ஆணை வைகாசிக்குள் கையில் இருக்க வேண்டும், சான்றும் பட்டாவும் அதற்கு முந்தின மழைக்காலத்தில் முடிந்திருக்க வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் இதை வெளிப்படையாகவே பேசுங்கள், இவர்கள் இந்த மாதங்களில் இருக்க மாட்டார்கள், இந்த மாதங்களில் முடித்துத் தருவார்கள் என்று எழுதியே கொடுங்கள். எங்களுக்கு வாய்த்த மேற்பார்வையாளர் நல்ல மனிதர், படம் எடுக்க வருகிற தேதியை முன்னாலேயே சொல்லிவிடுவார், கணவனோ மனைவியோ ஒருவர் பேருந்து ஏறி வந்துவிடுவார்கள். வீட்டு ஆணை மனைவி பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருப்பது இதற்கும் வசதி.

ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து "பாஸ்புக்கைக் கொடுங்கள், சாவியைக் கொடுக்கிறேன்" என்பார். கொடுக்காதீர்கள். பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்ட விதிகளிலேயே ஒப்பந்தக்காரர் கட்டக் கூடாது, பயனாளிதான் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. நீங்களே கட்டும்போது பார்க்க வேண்டியது மூன்றுதான். போன பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு அதற்கு மேலே அடித்தளத்தை உயர்த்துங்கள். கூரைக் கம்பிக்கு அடியில், அதைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்துகிற கவர் கட்டை வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் கொட்டுவதற்கு முன் குனிந்து பாருங்கள். தொகுப்பு வீடுகளில் கம்பி வெளியே தெரிவதற்கு அது சரியாக இல்லாததும் ஒரு காரணம். கூரை போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், கொத்தனார் போதும் என்றாலும் விடாதீர்கள்.

கதவு மாட்டியதும் ஊராட்சியில் வீட்டு வரி ரசீது போட்டு, அதை வைத்து மின் இணைப்புக்கு எழுதுங்கள். மின்சாரம் தள்ளிப்போனால் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பது புது வீட்டிலும் தொடரும். இந்த வருடம் பணி ஆணை கையில் இருந்து இன்னும் தொடங்காதவர்கள் தை வண்டி வருவதற்குள் வானம் தோண்டி, மனையில் கல்லை இறக்கி, ஊரில் தங்கப் போகிற பெரியவர் ஒருவரின் பெயரையும் செல்போன் எண்ணையும் ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். ஆணையை ரத்து செய்யப் போகிறோம் என்று கடிதம் வந்தால் அந்த ஒப்புகையைத்தான் முதலில் காட்ட வேண்டியிருக்கும்.